பாசேபா அழைக்கிறாள்

வெள்ளைக்காரர்கள் மூன்று பேர் பெட்டிகளோடு வந்து இறங்கிய அன்று பவளப் பாரில் அலை அடங்கிக் கிடந்தது. நியுதாவோவில் அப்படி ஒரு நாள் அமைவது அபூர்வம். எங்கள் தீவுக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல் வெளியே ஆழத்தில் நிற்கும். கரைப்படகு போய் ஆளையும் அரிசி மூட்டையையும் ஏற்றிக்கொண்டு, பவளப் பாரின் மேல் அலை ஏறும் நேரம் பார்த்து ஒரே மூச்சில் உள்ளே வந்துவிட வேண்டும். பிசகினால் படகு பாரில் மோதித் துண்டு துண்டாகும். அந்தப் படகுக்குச் சுக்கான் பிடித்தவர் என் அத்தான் செமிசி. அன்று அவர் பெட்டிகளைத் தூக்கித் தூக்கிப் பார்த்துவிட்டு, மூவரில் மூத்தவரான எர்க்கியிடம் கேட்டார்.

"இந்தக் கனம் கனக்குதே, உள்ள என்ன வச்சிருக்கீங்க? மாமியாரா?"

"ரேடியோ" என்றார் எர்க்கி. பின்லாந்துக்காரர். மாமியார் விஷயம் அவருக்குப் புரிய நேரமாகியது. புரிந்ததும் படகு ஆடும்படி சிரித்தார்.

மூவரும் தீவு மன்றத்தின் விருந்தினர் வீட்டில் தங்கினார்கள். தென்னைக்குத் தென்னை கம்பி இழுத்துக் கட்டினார்கள். வேறு எந்த வேலைக்கும் அவர்கள் வரவில்லை. நியுதாவோவிலிருந்து உலகத்தைக் கூப்பிட வேண்டும், அவ்வளவுதான். எங்கள் நாட்டிலிருந்து ஹாம் ரேடியோவில், அதாவது ஆசைக்காகத் தனி ஆட்கள் வைத்திருக்கும் ரேடியோவில், பேசுபவர்கள் அநேகமாக இல்லை. அதனால் எங்கள் குரலைப் பிடித்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்வதற்காக ஜப்பானிலும் ஜெர்மனியிலும் ஆட்கள் வருஷக்கணக்கில் காத்திருப்பார்களாம். இதைக் கேட்டு எங்கள் ஊர்ப் பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எங்களுக்குக் காத்திருக்கவும் ஆள் உண்டா!

என் அக்கா பாசேபா மட்டும் சிரிக்கவில்லை. பெரியம்மா மகள் அவள், என்னைவிடப் பத்து வயதுக்கு மேல் மூத்தவள். அப்போது தபால் அறையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தீவின் நர்ஸ். இரண்டு அறைகளும் ஒட்டி ஒட்டி இருந்ததால் அவள் எழுந்து போவது எனக்குத் தெரியும். அன்று மதியம் முத்திரைக் கட்டையைப் போட்டது போட்டபடி எழுந்து போனாள். ஊசி போட வந்த குழந்தையை அனுப்பிவிட்டு நானும் பின்னால் போனேன்.

விருந்தினர் வீட்டு வாசலில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே எர்க்கி தந்திக் கட்டையைத் தட்டிக்கொண்டிருந்தார். அவர் நிறுத்தியதும் பெட்டியிலிருந்து பதில் கொட்டியது. மீன் கூட்டத்தின் மேல் ஆலாப் பறவைகள் விழுந்து கத்துமே, அந்த மாதிரி நூற்றுக்கணக்கில் ஒன்றின் மேல் ஒன்றாகக் கீச்சொலிகள்.

"உள்ள வாங்க" என்றார் எர்க்கி. "உங்களுக்கு இது தெரியுமா?"

"ஒரு காலத்துல தெரியும்" என்றாள் பாசேபா.

அவர் எழுந்து நாற்காலியைக் கொடுத்தார். அவள் கட்டையில் விரலை வைத்தாள். இரண்டு எழுத்து தப்பாகப் போயிற்று. நிறுத்திவிட்டுக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். பிறகு மறுபடி தொடங்கினாள். இருட்டுவதற்கு முன்னால் வந்து கூப்பிட்டால்தான் வீட்டுக்கு வருவாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

அவளுடைய கதையை எங்கள் தலைமுறையில் தெரியாதவர் கிடையாது. ஆனால் அவள் முன்னால் யாரும் பேசமாட்டார்கள். நாங்கள் எல்லிஸ் தீவுக்காரர்களும் வடக்கே கில்பர்ட் தீவுக்காரர்களும் பிரிட்டிஷ்காரன் கீழ் ஒரே காலனியாக இருந்த காலம் அது. பாசேபா காலனியின் தலைநகரமான தராவாவில் படித்து, தந்தி வேலையும் கற்றுக்கொண்டு, நியுதாவோவின் தந்தி அறைக்குத் திரும்பி வந்தாள். அப்போது அவளுக்கு இருபது வயது இருக்கும். தீவுக்குத் தீவு தந்தி அறை உண்டு. காலையும் மாலையும் தலைநகரத்தோடு பேசி, மழை எவ்வளவு, கொப்பரை எத்தனை மூட்டை, யாருக்குக் காய்ச்சல் என்று சொல்ல வேண்டும். அது முடிந்த பிறகு தந்திக்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். மேலே இருந்தவர்களும் காதில் விழாதமாதிரி இருந்துவிடுவார்கள்.

கில்பர்ட் பக்கத்துக் கடைசித் தீவான அரோரேயில் தெராவோய் என்று ஒருவர் இருந்தார். பாசேபா அவரைப் பார்த்ததில்லை. தராவாவில் அவள் படித்தபோது அவர் ஏற்கெனவே அரோரேக்குப் போய்விட்டார். ஆனால் அவருடைய கை அவளுக்குத் தெரியும். புள்ளியும் கோடுமாகத் தந்தி தட்டுவதில் ஆளுக்கு ஒரு கை உண்டு. தெராவோயின் கை கோடுகளைக் கொஞ்சம் இழுத்து இழுத்து, எழுந்திருக்க மனமில்லாதவன் பாயில் புரள்வதுபோல் இருக்கும் என்பாள்.

என்ன பேசினார்கள்? என் பெரியம்மா அதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போனாள்.

"மணிக்கணக்கா டொக்கு டொக்குன்னு அடிக்கிறியே, அப்படி என்னதான்டி சொல்றான்?"

"இன்னிக்குக் கோலா மீன் நிறைய வந்துச்சாம்."

"அதுக்கா இவ்வளவு நேரம்?"

"எப்படிச் சுட்டாங்கன்னும் சொன்னார்ம்மா."

பிறகு காலனி பிரிந்தது. நாங்களே ஓட்டுப் போட்டுத்தான் பிரிந்தோம். அதில் யார் மேலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர்கள் கிரிபாட்டி ஆகப் போனார்கள், நாங்கள் துவாலு ஆனோம். வருஷக் கடைசியோடு எங்கள் தந்தி அறைகள் தராவாவை விட்டு எங்கள் புதுத் தலைநகரமான ஃபுனாஃபுதியோடு பேச வேண்டும் என்று உத்தரவு வந்தது. அலைவரிசை மாறும். பழைய வரிசையில் பேசக் கூடாது. கடைசி மாலையில் தெராவோய் கேட்டாராம்: "ஒரு கப்பல் பிடித்து அங்கே வந்தால், கரையில் என்னைக் கூப்பிட ஆள் இருக்குமா?"

அந்த நேரம் பார்த்துத் தலைநகரம் குறுக்கே வந்து அவளைக் கூப்பிட்டது. மன்றத்துக்கு ஒரு நீண்ட செய்தி. தந்தியில் "பொறு" என்று சொல்ல ஒரு சின்னக் குறி உண்டு. பாசேபா அவருக்கு அதைத் தட்டிவிட்டுச் செய்தியை எழுதிக்கொண்டாள். எழுதி முடித்துத் திரும்பி வந்தபோது அரோரே போய்விட்டது. அவருடைய பாட்டரி தீர்ந்ததோ, மேலே இருந்து மூடச் சொன்னார்களோ. விடிந்தால் புது வரிசை.

சில வருஷம் கழித்து அவள் செமிசியைக் கட்டிக்கொண்டாள். செமிசி அத்தானைப் பற்றிக் குறைவாக நினைக்காதீர்கள். அவரைக் கட்டிக்கொள்ள எங்கள் தீவில் வரிசை நின்றது. எனக்கே அப்போது வயது இருந்திருந்தால் நானும் நின்றிருப்பேன். அவள் எதையும் மறைக்காமல் அவரிடம் சொன்னாள். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"ஆளு எப்படி இருப்பான்?"

"தெரியாது."

"அப்ப என்னை மாதிரி அழகா இருக்க வாய்ப்பில்ல. வா, புலாக்காக் கிழங்கு வெந்துருச்சு."

எர்க்கி ஊர் திரும்பும்போது ஒரு ரேடியோவையும் தந்திக் கட்டையையும் கம்பிச் சுருளையும் பாசேபாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். ஃபுனாஃபுதியில் அவள் பெயருக்கு அனுமதியும் வாங்கிக் கொடுத்தார். தபால் அறைக்குப் பின்னாலிருந்த சின்ன அறையில் ரேடியோவை வைத்து, மின்சாரத்துக்குக் கூரையில் ஒரு சூரியத் தகடு வைத்தார்கள். கம்பியை உயரத்தில் கட்ட வேண்டும் என்றபோது, ஊரிலேயே உயரமான தென்னையில் செமிசி ஏறினார். பதநீர் இறக்க ஏறும் மரம்தான், ஆனால் உச்சிக்கும் மேலே ஒரு மூங்கிலை நட்டு அதில் கட்டச் சொன்னாள் அக்கா. கீழே நின்ற பக்கத்து வீட்டு லஃபிதா சும்மா இருக்காமல் கத்தினாள்.

"செமிசி! பொண்டாட்டியோட பழைய ஆளைத் தேடுறதுக்கு நீயே மரம் ஏறுறியா? உன்ன மாதிரி ஒரு கிறுக்கன் நம்ம நாட்டு ஒன்பது தீவுலயும் கிடையாது!"

மேலிருந்து பதில் வந்தது. "வேற எவனையாவது ஏறச் சொன்னா சரியாக் கட்ட மாட்டான். அப்புறம் கேக்கலை கேக்கலைன்னு இவ என் உயிரை எடுப்பா!"

பாசேபா அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் இறங்கி வந்ததும் உள்ளங்கையில் தேங்காயெண்ணெய் தடவிவிட்டாள்.

அவள் கூப்பிட ஆரம்பித்ததும் உலகமே அவள் வாசலில் வந்து விழுந்தது. சூரியன் சாயும் நேரம்தான் ஐரோப்பாக்காரர்களின் சத்தம் நன்றாகக் கேட்கும். அவள் ஒரு தடவை அழைப்பாள். நூறு பேர் பாய்வார்கள். அவர்களில் ஒருவரைப் பொறுக்கி எடுத்து, உன் ஒலி நன்றாகக் கேட்கிறது என்பாள். அவர் உடனே, உன்னுடையதும் நன்றாகக் கேட்கிறது, நன்றி, வணக்கம் என்று சொல்லிவிட்டு ஓடிவிடுவார். அடுத்த ஆள். பிறகு அதற்கடுத்த ஆள். பேசியதற்கு அத்தாட்சியாக மாதக்கணக்கில் கப்பலுக்குக் கப்பல் பட அட்டைகள் வந்தன. மலைகள், கோபுரங்கள், நாயோடு நிற்கும் கிழவர்கள். அவளே தபால்காரி என்பதால் தனக்குத் தானே கொண்டுவந்து கொடுத்துக்கொண்டாள். ஊரில் கேலிக்குக் குறைவில்லை.

"பாசேபாவுக்கு இன்னிக்கு எத்தனை மாப்பிள்ளை?"

"ரஷ்யாவுலேருந்து ஒருத்தன். இத்தாலிலேருந்து நாலு."

"செமிசிக்குச் சோறு போட்டியா இல்லையா?"

முதல் சில வாரம் அவளும் சிரித்தாள். பிறகு ஒரு நாள் என் அறைக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். காதுக்கருவி அழுத்தி இரண்டு பக்கமும் சிவந்திருந்தது.

"இவங்களுக்கு நான் வேண்டாம்டி லித்தியா" என்றாள். "தீவுதான் வேணும். என் இடத்துல ஒரு சேவலைக் கட்டித் தட்டவிட்டாக்கூட நன்றி வணக்கம்னு போயிருவாங்க. ஒருத்தன், ஒரே ஒருத்தன், அங்க மழையான்னு கேக்கலை."

"அப்ப எதுக்கு அக்கா போய் உக்காந்திருக்கே?"

அவள் என்னைப் பார்த்த பார்வையில், இது தெரியாமலா கேட்கிறாய் என்று இருந்தது.

கிரிபாட்டியிலிருந்து யாராவது பதில் சொன்னால் அவள் விடமாட்டாள். அங்கேயும் ஹாம்கள் குறைவுதான். அநேகமாக வந்து போகும் வெளிநாட்டுக்காரர்கள். சாலமன், ஃபிஜி, நவ்ரு என்று எங்கள் கடல் பக்கத்துக்காரர் யார் மாட்டினாலும் ஒரே கேள்வி: அரோரேக்காரர் தெராவோய், பழைய தந்திக்காரர், கேள்விப்பட்டதுண்டா? தராவாவில் ஜெனரேட்டர் பழுது பார்க்க வந்த ஒருவர் விசாரித்துச் சொன்னார். அந்த மனிதர் வேலையை விட்டுவிட்டு எப்போதோ சாலமன் தீவுகளில் இருக்கும் சொந்தக்காரர்களிடம் போய்விட்டாராம். சாலமன் தீவுகளில் எங்கே என்று தெரியவில்லை. அதற்குப் பிறகு அவள் மேற்குப் பக்கம் கூப்பிட ஆரம்பித்தாள். மூங்கிலைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்றாள். செமிசி முணுமுணுத்துக்கொண்டே மறுபடி மரம் ஏறினார்.

அப்படி மூன்று வருஷம்போல ஓடிற்று. ஒரு சனிக்கிழமை சாலமன் தீவுகளில் கிஸோ என்ற ஊரிலிருந்து ஹென்ட்ரிக் என்ற டச்சுக்காரர் பதில் சொன்னார். படகு எஞ்சின் பழுது பார்க்கும் பட்டறை வைத்திருந்தவர். அக்கா வழக்கமான கேள்வியைக் கேட்டாள். அவர் தந்தியில் தட்டாமல் வாயாலேயே சொன்னது எனக்கே காதில் விழுந்தது.

"கில்பர்ட் ஆளுங்க குடியிருப்புல படகு கட்டுற தெராவோய்னு ஒருத்தர் இருக்கார். என்கிட்ட ஆணி வாங்க வருவார். தந்திக்காரரான்னு தெரியாது. ஆனா காத்திருக்கும்போதெல்லாம் என் மேஜையைத் தட்டிக்கிட்டே இருப்பார், தலைவலி வந்துரும்."

அக்கா காதுக்கருவியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். பெட்டியில் ஹென்ட்ரிக் "ஹலோ, ஹலோ, கேக்குதா?" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

அடுத்த சனிக்கிழமை மதியம் தெராவோயைப் பட்டறைக்கு அழைத்து வருவதாக ஏற்பாடு. அந்த வாரம் முழுக்க அக்கா சரியாகச் சாப்பிடவில்லை. ரத்த அழுத்தம் ஏறியிருந்தது. அதையே காரணமாகச் சொல்லி நான் கூடவே உட்கார்ந்துகொண்டேன். வெளியே ஊர் கூடப் பார்த்தது. செமிசி வாசலில் வள்ளத்தைக் கவிழ்த்துப் போட்டுச் சுரண்டிக்கொண்டு, வந்தவர்களையெல்லாம் விரட்டினார்.

"போங்க போங்க. இங்க என்ன கூத்தா நடக்குது?"

ஹென்ட்ரிக் வந்தார். கொஞ்சம் பேசினார். பிறகு அமைதி. பிறகு தந்திச் சத்தம் வந்தது. எனக்கு அந்தப் பாஷை தெரியாது. அக்கா முகத்தைத்தான் பார்த்தேன். முதலில் அவள் புருவம் நெரிந்தது.

"தடுமாறுது" என்றாள் மெதுவாக. "ரொம்பத் தடுமாறுது." பிறகு, "அவர்தான்."

வரும் வார்த்தைகளை எனக்காகவோ தனக்காகவோ வாய்விட்டுச் சொன்னாள். "கை மறந்துபோச்சுங்கிறார். மரம் அறுக்கும்போது ஒரு விரல் போயிருச்சாம். இருக்கிற விரலை வச்சு அடிக்கிறாராம்." அவள் தட்டினாள். மறுபடி கேட்டாள். "கல்யாணம் ஆச்சாம். பொண்டாட்டி போன வருஷம் தவறிட்டாங்களாம். நாலு பிள்ளைங்க." இப்படியே கொஞ்ச நேரம் போயிற்று. இரண்டு பக்கமும் மீன், மழை, பிள்ளைகள். என் பதற்றம்கூடக் குறைந்துவிட்டது. அப்போது அவள் சொன்னாள்: "பொறுன்னு சொன்னே, பொறுத்தேன்கிறார்."

அதற்குப் பிறகு வந்ததை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. பென்சிலை எடுத்தாள், எழுதாமலேயே வைத்துவிட்டாள். நீண்ட நேரம் தெராவோய் தட்டிக்கொண்டே இருந்தார். அவள் உதடுகள் மட்டும் அசைந்தன. முடிந்ததும் அவள் அவருக்கு என்ன பதில் அனுப்பினாள் என்று எனக்குத் தெரியாது. குட்டிப் பதில்தான்.

சாயங்காலம் கடற்கரையில் மூவருமாக உட்கார்ந்திருந்தபோது சொன்னாள். செமிசி சூரை மீனை வெட்டிக்கொண்டிருந்தார்.

"அவர் வந்தாராம்."

"எங்க?"

"இங்க. ஃபுனாஃபுதி வரைக்கும் ஒரு கப்பல்ல வந்து, அங்கேருந்து நம்ம கப்பல்ல ஏறியிருக்கார். நம்ம தீவுக்கு வெளியில வந்து கப்பல் நின்னுச்சாம். அலை பெருசு. கரைப்படகு பார் வரைக்கும் வந்து பாத்துட்டு, முடியாதுன்னு கையைக் காட்டிட்டுத் திரும்பிப் போயிருச்சாம். சாயங்காலம் வரைக்கும் நின்னுட்டுக் கப்பல் நனுமேயாவுக்குப் போயிருச்சு. கரையில நிறையப் பேர் நின்னாங்களாம். பொம்பளைங்க உடுப்பெல்லாம் தெரிஞ்சுதாம். அதுல யாரு நான்னு பாத்துக்கிட்டே இருந்தாராம்."

செமிசியின் கத்தி நின்றது. "எந்த வருஷம்?"

"சுதந்திரத்துக்கு முந்தின வருஷம். மேல்காத்துக் காலம்."

"அப்ப சுக்கான் நான்தான்."

"தெரியும்."

அலை பாரில் விழுந்து வழிந்துகொண்டிருந்தது. எனக்கு எழுந்து போய்விடலாம்போல இருந்தது, போகவும் முடியவில்லை.

"நான் கரையில நின்னேனா, வீட்டுல இருந்தேனான்னுகூட ஞாபகம் இல்லய்யா" என்றாள் அக்கா. "எத்தனை கப்பல் அப்படித் திரும்பிப் போயிருக்கு. ஒரு கப்பல் போறதைப் பாத்து அரிசி போச்சேன்னு நினைச்சிருப்பேன்." பிறகு கேட்டாள்: "அன்னிக்கு நிஜமாவே முடியாத அலையா?"

"எனக்கும் ஞாபகம் இல்ல." அவர் கத்தியை மணலில் குத்தி வைத்தார். "எங்கப்பாவுக்கு மருந்து வந்த கப்பலையும் நான்தான் திருப்பி அனுப்பினேன். அதுதான் ஞாபகம் இருக்கு. மத்ததெல்லாம் ஒண்ணுபோல இருக்கு."

"கப்பல்ல அவர் இருக்கார்னு தெரிஞ்சிருந்தா?"

"அப்ப நீ எனக்கு யாரோ. தெரிஞ்சிருந்தாலும் அலை அலைதானே?" அவரே தொடர்ந்தார். "நீந்திப் போயாவது கூட்டிட்டு வந்திருப்பேன்னு பொய் சொல்லட்டுமா?"

"சொல்லு."

"சொல்ல மாட்டேன்."

அக்கா சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே அழுகையாக மாறியது. அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான். செமிசி மீன் வாசமடிக்கும் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல், முழங்கையால் அவள் தோளை இடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

அதன் பிறகு சனிக்கிழமைதோறும் பேசினார்கள். பெரிய விஷயங்கள் எதுவும் மறுபடி வரவில்லை. அவர் கட்டும் படகின் அளவு, இவளுடைய முட்டிவலி. சில சமயம் செமிசியும் உள்ளே வந்து, "அந்தாளுகிட்டக் கேளு, தேக்கு நல்லதா, அங்க வேற ஏதாவது மரம் இருக்கா" என்பார். பதில் வரும். அந்தப் பதிலை வைத்து இரண்டு ஆண்களும் பாசேபா வழியாக அரை மணி நேரம் வாதாடுவார்கள். "நான் என்ன உங்க ரெண்டு பேருக்கும் தபால்காரியா?" என்று அவள் கோபித்துக்கொள்வாள். தபால்காரிதான்.

ஆனால் தெராவோயின் காது மந்தமாகிக்கொண்டிருந்தது. சொன்னதையே மறுபடி சொல்லச் சொன்னார். பிறகு மறுபடியும். அவள் மெதுவாகத் தட்டினாள், சத்தத்தைக் கூட்டினாள். ஒரு மழைக்காலத்தில் ஹென்ட்ரிக் உடம்பு சரியில்லாமல் பட்டறையை விற்றுவிட்டு ஊருக்குப் போனார். ரேடியோவும் போயிற்று. இன்று கடைசி என்று தெரியாமலேயே ஒரு சனிக்கிழமை கடைசியாகிவிட்டது. அவர்கள் அன்று பேசியது கறிப்பலாக்காயை நெருப்பில் வாட்டுவதைப் பற்றி.

அக்கா ரேடியோவை மூடிவிடுவாள் என்று நினைத்தேன். மூடவில்லை. அதைவிட அதிகமாக உட்கார்ந்தாள். ஆனால் நடைமுறையை மாற்றிக்கொண்டாள். கூப்பிடுகிறவரை உடனே விடமாட்டாள். உன் பெயர் என்ன, அங்கே என்ன பருவம், ஜன்னலில் என்ன தெரிகிறது என்று கேட்பாள். வரிசையில் நின்றவர்கள் கோபப்பட்டார்கள். சிலர் திட்டினார்கள் என்றும் சொன்னாள். "நின்னா நிக்கட்டும், போனா போகட்டும்" என்றாள். போகாமல் நின்றவர்களும் இருந்தார்கள். நோர்வேயில் கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்தில் தனியாக இருக்கும் ஒரு பெண், மாதம் ஒரு முறையாவது வந்து பனி எவ்வளவு உயரம் என்று சொல்லிவிட்டுப் போவாள்.

நான் வேலையிலிருந்து ஓய்வு பெறுவதற்கு முன்னால் நர்சுகளுக்கான ஒரு கூட்டத்துக்குச் சாலமன் தலைநகரம் ஹொனியாராவுக்கு அனுப்பினார்கள். அங்கேயிருந்து கிஸோவுக்குப் போகப் படகு உண்டு. கிளம்பும் முன்னால் அக்கா என்னைக் கூப்பிட்டு, என் வலது கையைப் பிடித்து விரித்து, உள்ளங்கையில் ஒரு விரலால் தட்டினாள். சிறிதும் பெரிதுமாக ஒரு வரிசை. திரும்ப அவள் கையில் என்னைத் தட்டச் சொன்னாள். தப்பினால் கையைத் தள்ளிவிட்டு, "முதல்லேருந்து" என்றாள். என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை. கப்பல் வந்து நின்ற பிறகும் கரையில் வைத்து ஒரு முறை தட்டிக் காட்டச் சொன்னாள்.

தெராவோய் உயிரோடுதான் இருந்தார். கிஸோவில் கடலோரமாக ஒரு கொட்டகையில், பாதி கட்டிய படகின் அருகே உட்கார்ந்திருந்தார். மகள் அவர் காதருகே கத்தினாள். எதுவும் கேட்கவில்லை. என்னைப் பார்த்து மரியாதைக்குச் சிரித்தார். நான் அவர் எதிரில் உட்கார்ந்து, அவருடைய கையை எடுத்து விரித்தேன். விரல் ஒன்று குறைந்த கை, பலகை மாதிரி சொரசொரப்பு. அக்கா சொல்லித் தந்ததைத் தட்டினேன். பாதியிலேயே அவருடைய சிரிப்பு போய்விட்டது. முடித்ததும் கையை மூடிக்கொண்டார். மகள் பயந்து, "அப்பா, என்னப்பா?" என்றாள்.

பிறகு அவர் என் கையைப் பிடித்தார். தட்ட ஆரம்பித்தார். நிறுத்தவில்லை. எனக்கு ஒன்றும் தெரியாது என்று தலையை ஆட்டினேன், வாயால் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை, கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். படகுக்கு நேரமாகிவிட்டது என்று மகள் சொல்லும்வரை அந்த விரல் என் உள்ளங்கையில் போய்க்கொண்டே இருந்தது. ஒரு எழுத்தைக்கூட என்னால் பிடித்துவைக்க முடியவில்லை.

நியுதாவோவுக்குத் திரும்பியதும், கிஸோவில் போனில் எடுத்த தெராவோயின் படத்தை அக்காவிடம் நீட்டினேன். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

"வேண்டாம். மூஞ்சியைப் பாத்தா வேற யாரோ மாதிரி இருக்கும்."

"அவர் என் கையில நிறையத் தட்டினார் அக்கா. எனக்கு ஒண்ணும் புரியலை. ஒண்ணையும் கொண்டுவர முடியலை."

அவள் என் வலது கையை எடுத்து விரித்துப் பார்த்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன்.

"எவ்வளவு நேரம்?"

"ரொம்ப நேரம்."

"வேகமாவா, மெதுவாவா?"

"முதல்ல மெதுவா. போகப் போக வேகம்."

"இழுத்து இழுத்தா?"

"ஆமா அக்கா. இழுத்து இழுத்து."

"சரி" என்று என் கையை மூடிக் கொடுத்தாள். கொஞ்சம் கழித்து, வேறு எங்கோ பார்த்துக்கொண்டு கேட்டாள்: "தலை நரைச்சிருச்சா?"

"வெள்ளை வெளேர்னு."

"பல்லு?"

"மேல ரெண்டு இருக்கு. கீழ நான் பாக்கலை."

"உயரமா?"

"உக்காந்திருந்தார் அக்கா. எனக்குத் தெரியலை."

"படகு நல்லாக் கட்டுறாரா? உங்க அத்தான் கேப்பார்."

வாசலில் வலை பின்னிக்கொண்டிருந்த செமிசி, "பலகையை எப்படி ஒட்டுறான்னு கேளு" என்று குரல் கொடுத்தார். நான் பார்த்ததையெல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல அவள் இன்னும் கேட்டாள். சட்டை என்ன நிறம், மகள் அவரை எப்படிக் கூப்பிடுகிறாள், கொட்டகையில் நாய் உண்டா. போன் கவிழ்ந்தபடியே எங்கள் நடுவில் கிடந்தது. வெயில் தாழ்ந்ததும் அக்கா எழுந்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு ரேடியோ அறைக்குப் போனாள். ஐரோப்பாக்காரர்கள் வரும் நேரம்.